முக்காடு போட்ட லைட்

போன வாரம் மகளின் பள்ளியிலிருந்து போன். பசுமலையில் யுகேஜி படிக்கிறாள்.

“மேடம், குடியரசு தின விழாவுக்கு உங்க அப்பாவைக் கூப்பிடலாம்னு இருக்கோம். யூனிஃபார்மோட வர முடியுமா?”

என் அப்பா பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் இருக்கும் ஒரே யூனிஃபார்ம்… வெள்ளை வேட்டி.

எல்லாம் ஒரு லைட்டால் வந்தது.

ஆனையூரில் எங்கள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பழைய மிலிட்டரி ஜீப் நிற்கிறது. ஏலத்தில் கழித்துவிட்ட வண்டி. அதைப் பழையபடி ஆக்குவதுதான் என் கணவரின் ஞாயிற்றுக்கிழமைகள். கிடைக்காத பாகங்கள் சிலவற்றைக் கப்பலூர் லேத் பட்டறையில் கடைந்து வாங்கினார். ஒன்றுக்கு மட்டும் வழியில்லை — முன்பக்கத்துச் சின்ன லைட். மேலே முக்காடு போட்ட மாதிரி ஒரு தகடு. இரவில் எதிரி விமானத்துக்குத் தெரியாமல் தரையை மட்டும் காட்டுமாம். எத்தனையோ வாட்ஸ்அப் குரூப்களில் கேட்டுவிட்டார். “புதுசா ஒண்ணு செஞ்சு மாட்டிக்கலாமே?” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே…

கடைசியில், திருமங்கலம் பக்கம் ஒரு முன்னாள் மிலிட்டரி டிரைவர் வீட்டில் இருப்பதாகத் தகவல். மகளையும் கூட்டிக்கொண்டு காரில் போனோம். மாட்டுக் கொட்டகையில் ஓடாத ஜீப் ஒன்று. அதில் அந்த லைட்!

பெரியவர் பட்டென்று சொன்னார். “கல்யாண ஷூட்டிங்குக்கு ஜீப் விடுறவங்க அம்புட்டுப் பேரும் வந்து கேட்டுட்டாங்க தம்பி. தரமாட்டேன். மிலிட்டரிக்காரன் வீட்டுக்குன்னா யோசிப்பேன்.”

கணவரின் முகம் தொங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் என் வாய் திறந்தது.

“எங்கப்பாவும் மிலிட்டரிதான் ஐயா.”

பிஸ்கட் பாக்கெட்டில் தேதியை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிறவள் நான். பேசும் முன் ஒரு தடவையாவது யோசித்திருக்கக் கூடாதா?

“அப்படியா தாயி? எந்த ரெஜிமென்ட்டு?”

“காஷ்மீர்.”

அவர் என்னைப் பார்த்தார். என் கையைப் பிடித்திருந்த மகளைப் பார்த்தார். ஸ்பானரை எடுத்து லைட்டைக் கழற்றிக் கொடுத்தார். காசு கொடுத்தோம், வாங்கவில்லை. “அப்பாவைக் கேட்டதாச் சொல்லு” என்றார்.

காரில் மகள் கேட்டாள், “அம்மா, தாத்தா மிலிட்டரியா?”

கணவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். நான், “தூங்கும்மா” என்றேன்.

அவள் தூங்கவில்லை. வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

பள்ளியிலிருந்து போன் வந்த அன்று கணவர் சிரித்தார். “மாமாவுக்கு யூனிஃபார்ம் அளவெடுத்துருவோமா?” எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பள்ளியில் சொல்லிவிடலாமா? யோசித்தேன்… நல்லா இருக்கிற மனிதரைப் படுக்கையில் போடுகிற அளவுக்கு வந்துவிட்டேனே என்று கூசிப்போனது.

எங்கள் ஜீப்பில் மாட்டியிருந்த லைட்டைக் கழற்றித் தரச் சொன்னேன். கணவர் கழற்றிக் கொடுத்தார். பையில் போட்டுக்கொண்டு திருமங்கலத்துக்குத் தனியாகப் பஸ் ஏறினேன். பெரியவர் முன்னால் பையை வைத்தேன்.

“எங்கப்பா மிலிட்டரி இல்லைங்கய்யா.”

“தெரியும் தாயி. ரெஜிமென்ட்டைக் கேட்டா ஊர்ப் பேரைச் சொல்ற.”

“அப்புறம் ஏன் கொடுத்தீங்க?”

“பிள்ளை நின்னுச்சே. அது முன்னாடி உன்னைப் பொய்க்காரின்னு சொல்லச் சொல்றியா?”

இதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

பையை என் பக்கமே தள்ளினார். “கொண்டு போ. கல்யாணத்துக்கு மட்டும் வண்டிய விட்டுறாதீங்க.” நான் வாசலைத் தாண்டும்போது கேட்டார், “பாப்பாவை ஏன் கூட்டிட்டு வரல?”

அவள் முன்னால் உண்மையைச் சொல்லத்தான் பயம்.

வீட்டுக்கு வந்து மகளை உட்கார வைத்துச் சொன்னேன். “தாத்தா மிலிட்டரி இல்லடா. அம்மாதான் பொய் சொல்லிட்டேன்.”

“அப்ப தாத்தா யாரையும் சுடவே இல்லையா?”

“இல்ல. ரப்பர் ஸ்டாம்ப்தான் குத்தினாங்க.”

பென்சிலைப் பெட்டியில் போட்டு மூடினாள். “நீயே வந்து மிஸ்கிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன்… எனக்கு வெட்கமா இருக்கு.”

திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறேன் — அந்த லைட் மாதிரியே, தரையை மட்டும் பார்த்துக்கொண்டு.