வாங்காமல் விட்ட லென்ஸ்

மில் பிட்டருக்குக் கேமரா எதுக்குன்னு ராஜபாளையத்துல என்னைக் கேக்காத ஆள் இல்லை. உம்ம வேலையைப் பாரும்னு எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். எனக்கு அப்பெல்லாம் வாய் கொஞ்சம் நீளம்.

மதுரையில ஒரு பழைய சாமான் கடை. சீமைக்குத் திரும்பின துரை ஒருத்தர் வித்துட்டுப் போன பிலிம் கேமரா அங்க இருந்துச்சு. பெட்டிக் கேமரா மாதிரி தூரத்தைக் குத்துமதிப்பா வைக்கிற கதையெல்லாம் இதுல இல்லை. சின்னச் சன்னல்ல கண்ணை வச்சா எதிர நிக்கிற ஆள் ரெண்டாத் தெரிவார். வளையத்தைத் திருகத் திருக ரெண்டும் ஒண்ணாச் சேரும். சேந்துட்டா தூரம் சரி. லென்ஸையும் கழட்டி மாட்டலாம். நீளமானது ஒண்ணு, நின்ன இடத்துல இருந்தே முகத்தைக் கிட்டத்துல கொண்டாந்துரும். குட்டையானது இன்னொண்ணு, மலை, மரம், ஆள் எல்லாத்தையும் அள்ளிப் போட்டுக்கிடும், முகம் மட்டும் சின்னதாப் போகும். என் கையிருப்புக்கு கேமராவோட ஏதாவது ஒண்ணுதான் கட்டுப்படியாகும். நீளமானதை எடுத்து வைக்கச் சொல்லிட்டு ஊருக்கு வந்தேன்.

வீட்டுல சொன்னதும் என் பொண்டாட்டிக்கு முகம் சுண்டிப்போச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. சின்ன வயசுல பெரியம்மை கண்டு முகம் பூராத் தழும்பு.

"முகம் சின்னதா விழுகிறதையே வாங்குங்க. கிட்டத்துல வச்சு என்னை யாரும் பாக்க வேண்டாம்."

எனக்குச் சுருக்குனு கோவம் வந்துருச்சு. கேமரா உனக்கா எனக்கான்னு கத்தினேன். ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. பொறவு போய் அந்தக் குட்டை லென்ஸையே வாங்கிட்டு வந்தேன். உன் தழும்பு எனக்கு ஒரு பொருட்டே இல்லைட்டின்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லலை.

அய்யனார் கோவில் அருவியில எடுத்தேன். அவ ஊர்த் தேரடியில எடுத்தேன். வன்னியம்பட்டிப் பருத்திக் காட்டுல எடுத்தேன். நான் ரெண்டு எட்டு முன்னால வச்சா அவ ரெண்டு எட்டு பின்னால போவா. இப்படியே போனா நீ மகாராஜபுரம் போய்த்தான் நிப்பேன்னு கேலி பண்ணுவேன். சிரிப்பா. கிட்ட மட்டும் வரமாட்டா.

கேமரா வாங்கின அஞ்சாம் வருஷம் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்துச்சு. பதினோரு நாள் கிடந்தா. போயிட்டா.

செவுத்துல மாட்ட உருப்படியா ஒரு படம் இல்லை. அருவிப் படத்துல அவ முகம் ஒரு அரிசி அளவு. பெருசு பண்ணச் சொல்லி ஸ்டுடியோவுல குடுத்தேன். முகம் வெறும் புள்ளி புள்ளியா வந்ததால, ஸ்டுடியோக்காரர் நல்ல மனசோட பென்சிலால கண்ணு மூக்கெல்லாம் திருத்தி, கன்னத்தை வழவழன்னு ஆக்கிக் குடுத்துட்டார். தழும்பைப் பத்தி அவர்கிட்ட நான் மூச்சு விடலை. அவளே மறைச்சதை ஊரான்கிட்ட எந்த வாயால சொல்ல?

ஆணி அடிச்சு மாட்டினேன். எங்க நாலு வயசு மக அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னா.

"இது அம்மா இல்லப்பா. அம்மாவுக்குக் குழி இருக்கும்."

தெனமும் அந்தக் குழிகளைத் தடவிக்கிட்டேதான் அது தூங்கும். எங்கெங்க இருக்கும்னு கேட்டேன். எனக்குத் தெரியலை. அம்புட்டு வருஷம் எதிர உக்காந்து சோறு தின்னுருக்கேன், சத்தியமா எனக்குத் தெரியலை. மக என் மடியில ஏறி, என் கன்னத்துல விரலை வச்சு, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு ஒவ்வொண்ணாக் காட்டினா.