நிற்காமல் நடந்த வான்கோழி

கார்ட்டூன் படக் கம்பெனி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டோம். இருந்ததோ ரெட்டியார்பாளையத்தில் ஒரு வாடகை அறை, ஊரைக் காலிசெய்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன கேமரா, நானும் என் சிநேகிதனும். வரைவதற்கு ஒளி ஊடுருவும் தாள் எங்கும் கிடைக்காது. ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட எக்ஸ்ரே தாள்களை காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுவோம். பழைய படம் சரியாகப் போகாத தாளில் யாருடைய விலா எலும்போ மங்கலாகத் தெரியும். அதன்மேலேயே வரைவோம்.

ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் அவன் வரைவான். நடுவில் வரும் படங்களெல்லாம் என் தலையில். எனக்கு அதில் வருத்தமில்லை. போய்ச்சேர வேண்டிய இடத்தை ஒருவன் காட்டிவிட்டால் நடப்பதில் என்ன கஷ்டம்?

எங்கள் கதாநாயகன் ஒரு வான்கோழி. கிறிஸ்துமஸ் விருந்துக்காகப் பெரிய மார்க்கெட்டில் அதை விலை பேசும்போது, போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியைத் தட்டிப்பறித்து மாட்டிக்கொண்டு தப்பிக்கும். தொப்பியைப் பார்த்து ஊரே சலாம் போடும். அதுவும் விறைப்பாக நடக்கும். கடற்கரை வரைக்கும் வரைந்துவிட்டோம். அப்போது அவன் குடும்பத்தோடு பிரான்சுக்குக் கப்பலேற வேண்டி வந்தது.

முடிவை மட்டுமாவது வரைந்து கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

"நான் வந்து போடறேன். அதுவரைக்கும் நடந்துகினே இருக்கட்டும்" என்றான்.

நான் அதை அப்படியே நம்பினேன். அவனுக்கு இடம் விட்டுவைக்க வேண்டுமே என்று வான்கோழியை நடத்திக்கொண்டே இருந்தேன். காற்றில் தாள் நகரும் என்று விசிறிகூடப் போடுவதில்லை. பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் அந்த அறையில் வெந்துபோனேன். மாதங்கள் போயின, ஃபிலிமும் தீர்ந்தது. அவன் வரவில்லை. வான்கோழி நடக்கும்போதே படம் முடிந்துபோனது.

கொட்டகைக்காரர் அதைப் பெரிய படத்துக்கு முன்னால் போட்டார். ஒரே ஆரவாரம். மார்க்கெட்டில் மீன்காரிகள் அதைப்போலவே நடந்து காட்டினார்கள். கடலூர்க் கொட்டகைகளிலிருந்தும் கேட்டு வந்தார்கள். முடிவில்லாமல் விட்டது என் சாமர்த்தியம் என்று எல்லாரும் மெச்சினார்கள். மறுத்து என்ன ஆகப்போகிறது என்று நானும் தலையாட்டிவைத்தேன்.

ஒருநாள் கொட்டகையில் என் பக்கத்தில் ஓர் அம்மா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, அது ஊட்டுக்குத் திரும்பி வருமா, வராதா?" என்றார்.

"வராதும்மா" என்றேன்.

அப்படிச் சொன்ன பிறகுதான் அவனுக்காகக் காத்திருப்பதை விட்டேன்.