கண் மையால் மூடிய கோடு

பர் துபாயில் எங்கள் எதிர் ஃபிளாட்டுக்காரி அமெரிக்காவின் ஹோப்பி பழங்குடியைச் சேர்ந்தவள்; பள்ளிக்கூட டீச்சர். எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழில் அவளுக்குத் தெரிந்த ஒரே சொல் ‘அக்கா’. என்னை வளைத்துப் போட அது போதுமே.

தினமும் சூரியன் கிளம்பும்போது பால்கனியில் நின்று, ஒரு மண் கிண்ணத்திலிருந்து மக்காச்சோள மாவைக் கிள்ளிக் கிழக்கே தூவி வேண்டிக்கொள்வாள். சக்கரம் இல்லாமல், மண்ணைத் திரித்திரியாக அடுக்கி, அவள் அம்மா கையாலேயே செய்து ஆட்டுப் புழுக்கைத் தீயில் சுட்ட கிண்ணம் அது.

அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அவசர லீவில் கிளம்பினாள். அவள் ஃபிளாட்டில் அப்போது பெயிண்ட் வேலை. கிண்ணத்தை மாவோடு என்னிடம் ஒப்படைத்து, “உடையாம பாத்துக்கோங்க அக்கா” என்றாள்.

நான் உடைக்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேன். விளிம்பைச் சுற்றி ஓடிய கறுப்புக் கோடு ஓரிடத்தில் அரை விரல் அகலம் விட்டுப்போயிருந்தது. பாவம், வயதான கண், தவறவிட்டிருக்கிறார் என்று நினைத்தேன். கோலத்தில் ஓர் இழை விட்டாலே எனக்குச் சோறு இறங்காது. கண் மையைத் தொட்டு இரண்டு முனையையும் சேர்த்துவிட்டேன். என்ன நேர்த்தி! எனக்கே பெருமை தாங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வந்தாள். அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் என்றாள். கிண்ணத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

“அக்கா, அது அம்மா வேணும்னே விட்ட வழி. அத மூடினா, செஞ்சவங்க உயிரோட வழியும் மூடிப்போகும்னு சொல்லுவாங்க.”

“அடிப்பாவி, இத மொதல்லயே சொல்லப்படாதா!” என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

உடனே அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு, கிண்ணத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். படுக்கையில் இருந்த அம்மா போனை மூக்கருகே இழுத்துப் பார்த்து ஏதோ சொன்னார். மகள் குபீரென்று சிரித்துவிட்டாள்.

“கோடு நேரா வந்திருக்காம், நல்ல கையாம். ஆனா சீக்கிரம் அழிக்கணுமாம். அவங்களுக்கு இன்னும் நெறைய வேல பாக்கி இருக்காம்.”

அவளே சோளமாவைக் கிள்ளிக் கொடுத்தாள். நான் தேய்த்தேன். எண்ணெய் மை இலேசில் போகவில்லை. அம்மா போனை வைக்கவே இல்லை. வழி முழுதாகத் திறக்கும்வரை என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.