ஆங்கிலக் கட்டுரையில் அப்பாவின் சட்டை

எங்கள் ஆங்கில மிஸ் கட்டுரைக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். எதை வர்ணித்தாலும் கண், காது, மூக்கு, நாக்கு, தோல் எல்லாவற்றுக்கும் தலைக்கொரு வாக்கியம் வந்தாக வேண்டும். செகந்திராபாத்தில் நிஜாம் காலத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன நாங்கள் பெரும்பாலும் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்கள். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் உருதும். ஆங்கிலம் வகுப்பறையோடு சரி. வர்ணனைக்கு எங்கே போவது? மாதிரிக் கட்டுரைகளை உருப்போட்டோம். காதுக்கு நைட்டிங்கேல், மூக்குக்கு ரோஜா, தோலுக்கு இளந்தென்றல். ஏப்ரல் மாதம், வெளியே பாறையெல்லாம் கொதிக்கிறது. பக்கத்து பெஞ்சுக்காரி, தான் தினமும் கணப்படுப்பின் முன் குளிர்காய்வதாக எழுதி நல்ல மார்க் வாங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனப்பாடம் ஏறாதவளின் வயிற்றெரிச்சல் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

மெட்ரிக்குக்கு முன் பள்ளியிலேயே ஒரு பரீட்சை நடக்கும். அதில் தேறியவர்களை மட்டும்தான் மெட்ரிக் எழுத அனுப்புவார்கள். நான் தேறினால் டீச்சர் ட்ரெயினிங். தேறாவிட்டால் வேலூர்ப் பக்கத்து அத்தை மகன். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த அப்பாதான், "நீ பாஸ் பண்ணிடும்மா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டிருந்தார்.

அந்தப் பரீட்சையில் 'மாலையில் என் வீடு' என்று தலைப்பு வந்தது. உருப்போட்ட ரோஜா ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கண் முன்னால் இருந்ததை எழுதினேன். பட்டறைச் சங்கு ஊதுவது, காயப்போட்ட துணியில் கரித்தூள் படிவது, கிணற்று நீரின் உப்பு. பிறகு மூக்குக்கு வந்தேன். அப்பாவின் சட்டையில் மெஷின் எண்ணெயும் வேர்வையும் கலந்த நாற்றம் வீசும். அது வாசலில் வந்தால்தான், இன்றைக்கு மெஷினுக்குக் கையைப் பறிகொடுக்காமல் மனிதர் முழுசாக வந்துவிட்டார் என்று எங்களுக்கு மூச்சு வரும். இதை எனக்குத் தெரிந்த ஓட்டை ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது.

மிஸ் அந்த வாக்கியத்தை வகுப்பில் உரக்கப் படித்தார். பெண்கள் சிரித்தார்கள். கௌரவமான வீட்டுப் பெண் வேர்வையைப் பற்றி எழுதுவாளா, வீட்டில் ஒரு பூகூடவா பூக்கவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டார். மெட்ரிக்குக்குப் போகிறவர்களில் நான் இல்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். அன்று சாயங்காலம் அப்பா, "அப்படி என்னம்மா எழுதினே?" என்று கேட்டார். வரிவரியாகத் தமிழில் சொன்னேன். சட்டை வந்த இடத்தில் அவர் தன் காலரை இழுத்து மோந்து பார்த்தார்.

"உள்ளதத்தானே எழுதியிருக்கே?"

"ஆமாம்ப்பா."

"அப்புறம் ஏன் ஃபெயில் போட்டாங்க?"

 

"என்னத்துக்கு இந்தப் பேச்சு? போதும், படிச்சு கிழிச்சது" என்றாள் அம்மா. அப்பா அவளை மறுத்துப் பேசவில்லை. அதுவரை எனக்காகப் பேசிய ஒரே ஆள் அவர்.

"எனக்கு அந்த வாசனைதாம்ப்பா பிடிக்கும்" என்றேன். ஆங்கிலத்தில் எழுதியதைவிட மோசமாக ஒலித்தது அது. "சரிம்மா" என்று எழுந்து போனார்.

வேலூருக்கு ஆள் அனுப்பினார்கள். நான் புகுந்த வீடு போகும்வரை அப்பா பட்டறைக் குழாயிலேயே குளித்துவிட்டு, அலசிப் பிழிந்த சட்டையை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கடைசி மாதங்களில் அவர் எப்போது வீட்டுக்குள் வந்தார் என்பதே எனக்குத் தெரியாது.