மேனேஜர் சாருக்கு அடிச்ச சேவல்

ஊதாத் தண்ணி...

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில வேலை பாத்தவங்களுக்கு இது போதும், உடனே புரிஞ்சிரும். ஒவ்வொரு ஷெட் வாசல்லயும் ஒரு சின்னத் தொட்டி. அதுல மருந்து கலந்த ஊதாத் தண்ணி. கால நனைச்சுட்டுத்தான் உள்ள போகணும். நனைச்சு நனைச்சு என் கால் நகமெல்லாம் பழுப்பாயிருச்சு. "கலியாணத்துக்கு நிக்கிற புள்ள காலா இது"ன்னு அம்மா தெனமும் பொலம்பும்.

அப்ப எனக்கு இருவது வயசு. முட்டை பொறுக்கறவங்களுக்கு சூப்பர்வைசர். பேருதான் பெருசு, நானும் சேந்துதான் பொறுக்கணும். வேலையில இருக்கற வரைக்கும் மாப்பிள்ளை பாக்க மாட்டேன், வேலை போச்சுன்னா அடுத்த முகூர்த்தம்னு அப்பா சொல்லியிருந்தாரு. அதனால அந்த வேலைய உசுரா புடிச்சுட்டு இருந்தேன்.

சேரும்போதே ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குனாங்க... வீட்டுல கோழி வளர்க்க மாட்டேன்னு. வீட்டுக் கோழிக்கு ஒரு சீக்கு வந்து, அது நம்ம துணியில ஒட்டிக்கிட்டுப் பண்ணைக்குள்ள வந்தா நாப்பதாயிரம் கோழியும் காலி.

கண்ண மூடிட்டு கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுல ஒரு சேவல், மூணு பொட்டை.

எல்லாத்தையும் சித்தி வீட்டுக்கு அனுப்பிரலாம்னு சொன்னேன். அம்மாவும் ஒத்துக்குச்சு. ஆனா அதுல கருப்பிங்கற பொட்டை அன்னைக்குன்னு பாத்து அவயத்துக்கு உக்காந்திருந்துச்சு. முட்டை மேல அடைக்கு உக்காந்த கோழிய எங்க பக்கம் எடம் மாத்தவே மாட்டாங்க.

"இருவத்தொரு நாள் பொறு சாமி. குஞ்சு பொரிச்சதும் எல்லாத்தையும் ஒண்ணா அனுப்பிப் போடலாம்."

அம்மாவுக்குன்னு தனி சேஃப்டி டிபார்ட்மென்ட் இருந்துச்சு. அடைக்கூடையில முட்டைக்கு நடுவுல ஒரு இரும்பாணி, ஒரு கரித்துண்டு, ரெண்டு வரமொளகா. எவ்வளவு இடி இடிச்சாலும் முட்டை கெட்டுப்போகாதாம்.

நான் என் பங்குக்கு, வேலைக்குப் போற துணியத் தனியா தொவைச்சு மொட்டை மாடியில காயப்போட்டேன். கொல்லப்பக்கமே போறதில்ல. சேவல் கூவுனாக்கூட மூக்கப் பொத்திக்குவேன்.

இருந்தாலும் பயம் விடல. ஷெட்டுல ஏதாவது ஒரு கோழி தலையத் தொங்கப் போட்டிருந்தா, போச்சு, என்னாலதான்னு ஓடுவேன். பாத்தா அது வெயிலுக்குத் தொங்கப் போட்டிருக்கும்.

பதினேழாவது நாள், ஞாயித்துக்கிழமை. வாசல்ல வண்டி வந்து நிக்குது... மேனேஜர் சார்!

புதுவீடு பால் காய்ச்சறாங்களாம், பத்திரிகை வைக்க வந்தாரு. எங்க ஊர்ல பண்ணை ஆளுங்க ஏழெட்டு வீடு இருக்கு. "நீயே வந்து வீடு காட்டும்மா"ன்னாரு. கொல்லப்பக்கம் பாக்காம கெளம்புறாரேன்னு செருப்ப மாட்டிட்டு ஓடுனேன்.

அம்மா பின்னாடியே வந்து, "பத்திரிகை வெச்சுப்போட்டு சாப்பாட்டுக்கு இங்கதான் வரோணுங்க"ன்னு சொல்லுச்சு. சாம்பார் வைக்கும்னு நெனச்சேன்.

திரும்பி வரப்ப தெரு முக்குலயே வாசம்... மொளகு, சின்ன வெங்காயம், வறுத்த தேங்கா.

எங்க வீட்டு அடுப்புதான். பெரிய மனுசன் மொத மொத வீட்டுக்கு வந்தா கோழி அடிக்காம எங்கம்மா அனுப்பாது. அது எனக்கு எப்படி மறந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

எல போட்டு உக்கார வெச்சாச்சு. மேனேஜர் சார் ரெண்டு வாய் சாப்பிட்டாரு.

"கறி அருமைங்க. எங்க வாங்குனீங்க?"

"காசு குடுத்து வாங்கறதுங்களா சார்? நம்மூட்டுச் சேவலுங்க. காத்தால கூடக் கூவிட்டு இருந்துச்சு."

என் கையில தண்ணிச் சொம்பு. அப்படியே நின்னேன்.

அவரு தல நிமிரல. "இது ஒண்ணுதானுங்களா?"

எங்கம்மாவுக்குப் பொய்யே வராது, அதுவும் சோறு போடறப்ப. "மூணு பொட்டை இருக்குதுங்க. ஒண்ணு அவயத்துல. இன்னைக்குப் பதினேழு நாளுங்க."

அவரு இன்னொரு கரண்டி கொழம்பு வாங்கிப் பொறுமையா சாப்பிட்டாரு. கை கழுவிட்டுத்தான் எம்பக்கம் திரும்பினாரு.

"நாப்பதாயிரம் கோழிம்மா. அத நம்பி எத்தன குடும்பம். நாளைலருந்து நீ ஷெட்டுக்கு வராத."

அம்மா மொகம் வாடிப்போச்சு. அப்பா திரும்பி செவத்துல இருந்த காலண்டரப் பாத்தாரு.

"ஆபீஸ் ரூம்ல உக்காரு. அங்க கம்ப்யூட்டர் சும்மாதான் கெடக்குது. குஞ்சு பொரிச்சு, எல்லாத்தையும் அனுப்புன பொறவு பாக்கலாம்."

கருப்பி பதினோரு குஞ்சு பொரிச்சா. எல்லாரையும் கூடையில வெச்சு சித்தி வீட்டுக்கு அனுப்புனோம். நான் கம்ப்யூட்டர விட்டு எந்திரிக்கவே இல்ல. கலியாணம் கூட நாலு வருசம் கழிச்சுத்தான்.

இப்ப டவுன்ல, ஃபேர்லேண்ட்ஸ்ல நாலாவது மாடியில வீடு. வேற ஒரு பண்ணையில, வேலைக்குச் சேர்றவங்க வீட்டுக்குப் போய் கோழி இருக்கான்னு பாத்து ஃபார்ம் நிரப்பற மேடம் நான்தான். சிரிக்காதீங்க.

போன ஞாயித்துக்கிழமை திருச்செங்கோடு பக்கம் ஒரு பொண்ணு வீட்டுக்குப் போனேன். "கோழியே இல்லீங்க மேடம்"னு சத்தியம் பண்ணுது. மூலையில ஒரு கூடை, மேல கோணிச்சாக்கு.

நான் அந்தப் பொண்ண விட்டுட்டு அவங்கம்மாகிட்டக் கேட்டேன், "எத்தனாவது நாளுங்க?"

"பதினாலுங்க."

அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்கணுமே... சொம்பு ஒண்ணுதான் கையில இல்ல.

அவளுக்கும் ஆபீஸ் வேலைதான் எழுதிக் குடுத்தேன். அவங்கம்மா, "இருந்து சாப்பிட்டுப் போங்க சாமி"ன்னு மூணு தடவை கூப்பிட்டாங்க. இன்னும் நாலு வீடு பாக்கணும்னு சொல்லிட்டு வண்டி ஏறிட்டேன்.

ராத்திரிதான் ஒறைச்சுது. அவரு எங்க வீட்டுச் சோத்த சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் ரூல் சொன்னாரு. நான் ரூல மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்.

நாளைக்கு ஞாயித்துக்கிழமை, இருவத்தொண்ணாவது நாள். அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போன் பண்ணி, சாப்பாட்டுக்கு வாரேன்னு சொல்லிட்டேன்.