குடத்தில் சென்ற மீன்கள்

எங்கள் ஏரியில் அயிரை மீன் அற்றுப்போனதற்கு ஒரகடத்து ஆலைகளையே எல்லோரும் பழிக்கின்றனர். எங்கள் வீட்டின் பங்கையும் எழுதிவைப்பது என் கடமை.

நேற்று, எங்கள் மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்கார ஆலைத் தொழிலாளி கிணற்றில் இறைத்த வாளியைக் காட்டினார். விரல்நுனி அளவு மீன்கள் துள்ளின. “கொசுவுக்கு விட்ட கம்பூசியா ரொம்பப் பெருகிட்டு ஐயா. ஏரியில விட்டுரட்டுமா?”

என் எட்டாம் வயதிலும் சுகாதாரப் பணியாளர் இம்மீனைக் கிணற்றில் விட்டனர். அது குடிநீர்க் குடத்தில் ஏறிவந்தது. புலால் உண்ணாத அம்மாவுக்குக் கொல்ல மனமில்லை. “பாவம்டா, ஏரியில விட்டுட்டு வா.” பித்தளைக் குடத்தைப் பலமுறை சுமந்தேன்.

அயிரை பிடித்து விற்ற கன்னியம்மாள் அதைப் பார்த்திருக்கிறாள். இரண்டாண்டு கழித்துக் கரையில் என்னை மறித்தாள். “இன்னா சாமி, நீங்க கவுச்சி துன்னமாட்டீங்க, உங்க வூட்டு மீனு அயிரைக் குஞ்சையெல்லாம் துன்னுகினு கீது!” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அடுத்த கோடையில் வலையை விட்டுச் சித்தாள் வேலைக்குப் போய்விட்டாள்.

“ஏரி வேண்டாம் தம்பி, தரையிலேயே கொட்டிவிடுங்கள்” என்று நேற்று மாடிக்காரரிடம் சொன்னேன். உயிரைக் கொல்லச் சொன்னது அதுவே முதன்முறை. அவர் கொட்டும்வரை அங்கேயே நின்றேன்.

அம்மீன் வேறு வழியாகவே எங்கள் ஏரிக்கு வந்ததென அறிந்தோர் இருப்பின், அருள்கூர்ந்து என்னைத் திருத்துக.