திருவேற்காட்டுக்குப் போன குறுஞ்செய்தி

ஒரு சனிக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "சார், நீங்க அனுப்புன மெசேஜ் ஒண்ணுகூடப் போய்ச் சேரல" என்றது ஒரு பெண்குரல். அம்பத்தூரில் இருந்த குறுஞ்செய்தி நிறுவனத்திலிருந்து பேசினார். ஏதாவது கோளாறு என்றால் மின்னஞ்சலில் பதில் சொல்பவர் அவர்தான். அதுவரை நேரில் பார்த்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் அவருக்கு சப்போர்ட் மேடம் என்று பெயர்.

பூந்தமல்லியில் இருந்த ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு நான் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். என் மென்பொருள் சொல்லும் செய்தியை மேடத்தின் நிறுவனம் வாங்கி, தொலைபேசி நிறுவனங்களிடம் சேர்க்கும். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் அந்த ஏற்பாட்டை ஏபிஐ என்போம். அந்த வாரம் மையத்தின் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் மக்கர் செய்ய, அதைப் பழுதுபார்க்கத் திங்கட்கிழமை மையத்தை மூடுவதாக முடிவானது. திங்கள்கிழமை நோயாளிகள் எல்லோரும் ஞாயிறே வந்தாக வேண்டும். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் கோத்துக்கொண்டு மூச்சுத் திணறும். இந்த மாற்றத்தைச் சொல்லி நான் புதிதாக இரண்டு வரி எழுதி நோயாளிகளுக்கு அனுப்பினேன். திரையில் எல்லாம் பச்சையாக வந்தது. நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் காட்டுகிறது என்று கொஞ்சம் மிதப்பாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அந்தப் பச்சை, தாங்கள் வாங்கிக்கொண்டதற்கு மட்டுமே அடையாளம்; முன்கூட்டிப் பதிவு செய்து ஒப்புதல் வாங்காத வாசகம் என்பதால் தொலைபேசி நிறுவனங்கள் தடுத்துவிட்டன என்று விளக்கினார். புதிய வாசகத்துக்கு ஒப்புதல் வரத் திங்கள் ஆகிவிடும். வழியும் அவரே சொன்னார். ஏற்கெனவே ஒப்புதலான பழைய நினைவூட்டல் ஒன்று இருந்தது: 'நாளை உங்களுக்கு டயாலிசிஸ்.' அதையே இன்று அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருந்திவிடுமே என்றார். அது என் மூளைக்கு எட்டவில்லை.

அனுப்பினோம். ஒருவரைத் தவிர எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த ஒருவரின் போன் அணைந்தே கிடந்தது. மாலைவரை இருவரும் மாற்றி மாற்றி முயன்றோம். கடைசியில் மேடம், "அட்ரஸ் இருந்தா குடுங்க சார். திருவேற்காடுன்னா எனக்குப் போற வழிதான்" என்றார். நோயாளியின் முகவரியை வெளியாளுக்குத் தரக்கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கொடுத்தேன். வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் போய், மூன்று தெரு விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து, அந்தப் பெரியவரிடம் சொல்லிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பெரியவர் மையத்துக்கு வந்தார்.

திங்கட்கிழமை அந்தப் பெரியவரின் மகன் மையத்தில் புகார் கொடுத்தார். அப்பாவின் நோயை அக்கம்பக்கத்தில் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்களாம். டயாலிசிஸ் நோயாளி வீடு எது என்று மேடம் விசாரித்ததில் இப்போது தெருவுக்கே தெரிந்துவிட்டது. அவர் வருத்தத்தில் நியாயம் இருந்தது. மாலையே இரண்டு நிறுவனத்தாரும் காணொளியில் கூடினார்கள். அன்றுதான் மேடத்தின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். முகவரி எங்கிருந்து கிடைத்தது என்று அவருடைய மேலாளர் கேட்டார்.

"நான்தான் சார் கேட்டு வாங்கினேன். தப்புதான்" என்றார் மேடம். யாரிடம் வாங்கினார் என்று மறுபடி கேட்டார்கள். அவர் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. என் மைக் அணைந்திருந்தது. அதை அழுத்த ஒரு விரல் போதும். விசாரணை முடியும்வரை அவர் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

இரவு முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் பதினோரு மணிக்கு, முகவரி கொடுத்தது நான்தான், வாசகத்தை மாற்றிக் கோளாறைத் தொடங்கி வைத்ததும் நான்தான் என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் எழுதினேன். எனக்குக் கண்டிப்புக் கடிதம் வந்தது. அடுத்த நாளே அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வாடிக்கையாளர்களோடு பேசும் வேலையிலிருந்து விலக்கி, எங்களைப் போன்றவர்கள் படிக்கும் ஏபிஐ கையேடு எழுத வைத்தார்கள். இன்று அந்தப் பிரிவுக்கே அவர்தான் பொறுப்பு என்று கேள்விப்பட்டேன்.

போன மாதம் பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். அடையாளம் கண்டு அவரே வந்து பேசினார். குத்தம்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். பேச்சோடு பேச்சாக, அந்த மின்னஞ்சலைப் பற்றி நானே எடுத்தேன். அதனால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

அவர் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். "படிச்சேன் சார். நல்லா எழுதி இருந்தீங்க" என்றார். பிறகு, அலுவலகக் குரலை விட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "ஆனா வேலைக்கு வராதன்னாங்களே, அந்த ஒரு நாள் கீது பாருங்க... ஊட்ல யார்கிட்டயும் சொல்லல. டிபன் பாக்ஸ எடுத்துகினு வேலைக்குப் போற மாதிரியே கிளம்பி, கோயில் வாசல்ல உக்காந்துகினு இருந்தேன். சாயங்காலம் வரிக்கும்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினார். பேருந்து வந்ததும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி கிளம்பும்போது எனக்குக் கையசைத்தார்.